கப்பலை மூழ்கடிக்காத கணக்கு

1

குடை வாங்கப் போன இடத்தில்தான் அந்த யோசனை வந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், ஊருக்குப் புறப்படுகிறவர்கள் கம்பளி, டேப் ரெக்கார்டர், பெட்டி, பெட்டியைக் கட்டுகிற கயிறு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்கிற கடை அது. வெளியே மழை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவி, அதற்கு முன்னால் கடைக்காரரின் இரண்டு பிள்ளைகள் பள்ளிச் சீருடையோடு முட்டிக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரையில் படம் ஓடவில்லை. ஆறும் ஏழும் எத்தனை என்று ஒரு கணக்கு நின்றுகொண்டிருந்தது.

"சாப்பிட வாங்கன்னு எத்தன தடவ கூப்பிடறது?" என்று உள்ளேயிருந்து அம்மா.

"ஒன் மினிட் லா மா!"

பெரியவள் "தர்ட்டீன், தர்ட்டீன்" என்று கத்தினாள். சின்னவள் டிவியோடு இணைத்திருந்த விசைப்பலகையில் வேண்டுமென்றே பன்னிரண்டை அழுத்தினாள். டிவி தவளை மாதிரி ஒரு சத்தம் போட்டது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த கணக்கு. மறுபடியும் தப்பு, மறுபடியும் தவளை, மறுபடியும் சிரிப்பு.

நான் படித்த தூத்துக்குடிப் பள்ளியில் தப்பாக விடை சொன்னால் பெஞ்சின்மேல் ஏறி நிற்க வேண்டும். கணக்கில் தப்புச் செய்துவிட்டுச் சிரிக்க முடியும் என்பது அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. இங்கே சோற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள், தப்பும் செய்கிறார்கள், பயப்படவும் இல்லை. இந்த மாதிரி ஒன்றை நானே எழுதினால் என்ன? இந்த எண்ணம் தலைக்குள் வந்த வேகத்தில் குடையை மறந்துவிட்டு, நனைந்தபடியே பஸ்ஸுக்கு ஓடினேன்.

2

ஊரில் உங்களில் பலர் நான் இங்கே கம்ப்யூட்டரோடு கட்டிப் புரள்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. ஷென்டன் வேயில் நான் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் என்பவர் கண்ணாடி அறைக்குள் குளிரில் வீற்றிருக்கும் பெரிய மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி போக வேண்டும். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் மேலதிகாரி இருமுவார்.

கடையில் பார்த்தது வேறு சாதி. விசைப்பலகைதான் முழு இயந்திரமும். திரைக்கு வீட்டு டிவி போதும். எழுதிய புரோகிராமைச் சேமித்து வைக்கப் பாட்டுக் கேட்கிற கேசட். அடுத்த சம்பளத்தில் ஒன்று வாங்கிவிட்டேன்.

நான் குடியிருப்பது புக்கிட் பாத்தோக்கில், அந்தோணி அண்ணன் வீட்டில், ஓர் அறையில். அண்ணனுடைய அப்பா தஞ்சோங் பகாரில் துறைமுக வேலைக்கு வந்தவர். அண்ணன் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். பழுதான கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி ஒட்டுப் போடுகிற வேலை. மனைவி ரோஸி அக்கா. ஒரே மகள் செலின், பிரைமரி த்ரீ.

இந்த பிரைமரி த்ரீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே மூன்றாம் வகுப்பு முடிவில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். சிலர் ஆறு வருஷத்தில் தொடக்கப்பள்ளியை முடிப்பார்கள், சிலர் எட்டு வருஷம். கடைசிப் பிரிவில் விழுந்தால் படிப்பு ஒரே மொழியில்தான்; தமிழைப் பேசத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பிரிவின் பெயரையே ரோஸி அக்கா வீட்டில் எடுக்க விடமாட்டார்.

"இப்பவே நான் தமிழ்ல கேட்டா அவ இங்கிலீஷ்ல பதில் சொல்றா. எழுதப் படிக்கவும் தெரியாமப் போச்சுன்னா நானும் அவளும் சைகையிலதான் பேசிக்கணும்" என்பார்.

அரையாண்டுப் பரீட்சையில் செலினுக்குக் கணக்கில் பாதிக்கும் கீழே. பள்ளியில் டீச்சர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: ஸ்லோ. அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது.

3

ஒரு மாதம் மாலைகளில் கட்டக் காகிதத்தை வைத்துக்கொண்டு கப்பல் வரைந்தேன். திரையில் ஓர் எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டம். அதில் எந்தக் கட்டம் வெளிச்சம், எது இருட்டு என்று எண்களாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் கப்பலுக்கு நான்கு எழுத்துகளின் இடம் பிடித்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று பார்த்த கப்பல்தான், புகைபோக்கி மட்டும் கொஞ்சம் பெரிது.

விளையாட்டு எளிது. திரையில் ஒரு பெருக்கல் கணக்கு வரும். சரியாகச் சொன்னால் கப்பல் ஓர் அடி கரையை நோக்கி நகரும். தப்பாகச் சொன்னால், டொய்ங் டொய்ங் டொய்ங் என்று இறங்குகிற சத்தத்தோடு மூழ்கும். அந்த மூழ்குகிற காட்சிக்குத்தான் அதிகம் உழைத்தேன். கடைசியில் மூன்று நீர்க்குமிழி வரும்படி செய்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும்போது ஒரு கீச்சல் வரும் பாருங்கள். அந்தோணி அண்ணன் குளியலறையிலிருந்து, "என்னா தங்கச்சி, உள்ள கோழி அறுக்கறியா?" என்று கேட்பார். வீட்டில் வேறு கேசட் இல்லாமல் கோயில் பாடகர் குழுவின் ஒத்திகைக் கேசட்டில் மறுபக்கம் பதிந்துவிட்டேன். ஞாயிறு ஒத்திகையில் யாரோ அதைத் திருப்பிப் போட்டு, கீச்சல் கேட்டுப் பயந்து, பிசாசு புகுந்துவிட்டது என்று பேச்சாகி, நான் போய் அது எட்டாம் வாய்ப்பாடு என்று விளக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கிறது. அங்கே இயந்திரத்தை வைக்க அனுமதி கேட்டுப் போனேன். மண்டபத்துக்குப் பொறுப்பான அங்கிள் ஒரு படிவத்தை எடுத்தார். வழிபாடு, கூட்டம், விருந்து, விளையாட்டு என்று நான்கு கட்டம்.

"கம்ப்யூட்டர் எதுலம்மா வரும்?"

"படிப்பு, அங்கிள்."

"படிப்புன்னு கட்டம் இல்லையே."

"அப்ப விளையாட்டுல போடுங்க."

"ஃபாதர் கேட்டா?"

"படிப்புன்னு சொல்லுங்க."

அவர் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, விளையாட்டில் டிக் போட்டார்.

4

முதல் சனிக்கிழமை மண்டபம் அதிர்ந்தது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் டிவியை மொய்த்துக்கொண்டார்கள். வின்சென்ட் என்று ஒருவன், பிரைமரி ஃபோர், என்னை வம்புக்கென்றே ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவன். முதல் கணக்கிலேயே அவன் கண்டுபிடித்துவிட்டான், சரியான விடையைவிடத் தப்பான விடையில்தான் வேடிக்கை அதிகம் என்று.

"ஏழெட்டு எவ்ளோ, வின்சென்ட்?"

"ஃபிஃப்டி சிக்ஸ் லா ஆன்ட்டி, தெரியும். பட் இப்ப பாருங்க." ஒன்றை அழுத்தினான். டொய்ங் டொய்ங் டொய்ங். "யே! செத்துப் போச்சு!"

அடுத்தவள், அடுத்தவன், எல்லாரும் வரிசையாகக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஒரு நாட்டின் கடற்படையே போயிருக்கும். நான் எழுதிய கணக்குகளை யாரும் கணக்காகவே பார்க்கவில்லை. ஆனால் விடை தெரிந்தால்தானே வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல முடியும்? இதை நினைத்துக்கொண்டு நின்றபோது செலினின் முறை வந்தது.

ஆறு பெருக்கல் நாலு. அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வின்சென்ட் பின்னாலிருந்து, "அமுக்கு லா! தூங்கறியா?" என்றான். அவள் உதடு அசைந்தது, கை அசையவில்லை. பிறகு எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சரின் அந்த ஒற்றை வார்த்தை எனக்கும் ஞாபகம் வந்தது. ஆறுநாலு இருபத்துநாலு கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அடுத்த புரோகிராமை இன்னும் எளிதாக்கத் திட்டம் போட்டேன்.

5

மறுநாள் சாயந்திரம் நானும் செலினும் மாடியில் எங்கள் வீட்டு வாசலில், பொது நடைபாதையில், துணி மடித்துக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக, "ஆறுநாலு எவ்வளவு?" என்றேன்.

"ட்வென்டி ஃபோர்."

"ஏழெட்டு?"

"ஃபிஃப்டி சிக்ஸ்."

"ஒன்பதேழு?"

"சிக்ஸ்டி த்ரீ. ஏன் அக்கா?"

என் கையில் இருந்த தலையணை உறை கீழே விழுந்தது. "இவ்வளவும் தெரியுமா? அப்ப நேத்து ஏன் அழுத்தல?"

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா கப்பல் மூழ்கும். அவ்ளோதான். கேம்தானே?"

அவள் ஒரு சட்டையின் கையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அக்கா, அந்தக் கப்பல்ல ஆளு இருக்காங்களா?"

நான் ஆள் யாரையும் வரையவில்லை. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஆளுக்கு எங்கே இடம்? அதைச் சொல்ல வாயெடுத்தபோது கீழே பட்டறையின் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தால் போவார் அண்ணன். சமையலறையில் இருந்த ரோஸி அக்கா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்து கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தலையாகப் பார்த்து, அண்ணனுடைய தலை தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். தினமும் நடப்பதுதான், நானும் தினமும் பார்த்ததுதான். அன்றைக்குத்தான் செலினும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே தலையைத் தேடுவதைக் கவனித்தேன்.

கப்பலுக்குள் இறங்கி வேலை பார்க்கிற மனிதரின் மகளுக்கு முன்னால் நான் மூழ்குகிற கப்பலை வைத்து, அழுத்து அழுத்து என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்கு விடை தெரியாமல் இல்லை. நூற்றுக்கு நூறு உறுதியாகிற வரைக்கும் விரலை எடுத்து வைக்க மனசு வரவில்லை.

"மூழ்கக்கூடாதுன்னா வேற என்ன ஆகணும்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "டக்போட் வந்து இழுத்துட்டு ஜூரோங்குக்குக் கொண்டு போகணும். அப்பா ரிப்பேர் பண்ணுவாங்க."

படியேறி வந்த அண்ணனிடம் செலின் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்து, "பின்ன என்னா? எல்லாக் கப்பலும் மூழ்கிட்டா எனக்கு ஓவர்டைம் எவன் குடுப்பான்?" என்றார்.

6

டக்போட் என்பது பெரிய கப்பலைக் கட்டி இழுக்கிற குட்டிப் படகு. என் கட்டத்தில் அது எறும்பு மாதிரி இருந்தது, ஆனால் நன்றாக இழுத்தது. இப்போது தப்பான விடை வந்தால் கப்பல் சாயும். எறும்பு வந்து பட்டறைக்கு இழுத்துப் போகும். அங்கே கணக்கைப் பிரித்துப் போடும்: எட்டேழு தெரியவில்லையா, எட்டைந்து எவ்வளவு, எட்டிரண்டு எவ்வளவு? இரண்டையும் சொல்லிக் கூட்டினால் ஒட்டுப் போட்ட கப்பல் மறுபடி கடலுக்கு வரும்.

வின்சென்டுக்கு மகா ஏமாற்றம். "போர் லா ஆன்ட்டி. ஒண்ணும் சாகல." ஆனால் பட்டறையைப் பார்க்கிற ஆசையில் பழையபடி வேண்டுமென்றே தப்பாக அழுத்தினான். ஒவ்வொரு தப்புக்கும் இரண்டு குட்டிக் கணக்கும் ஒரு கூட்டலும் அவன் போட வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. "ஆன்ட்டி, நீங்க என்னை ஏமாத்திட்டீங்க! எல்லாரையும்விட நான்தான் அதிகம் சம் போட்டிருக்கேன்!"

செலின் அன்றைக்கு அழுத்தினாள். நாலைந்து சரி. பிறகு ஒன்பதெட்டில் ஒன்று தவறியது. கப்பல் சாய்ந்ததும் அவள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எறும்பு வந்தது, இழுத்தது. பட்டறையில் ஒன்பதைந்தையும் ஒன்பதுமூன்றையும் மெதுவாகப் போட்டு ஒட்டினாள். கப்பல் வெளியே வந்தபோது வின்சென்டிடம், "மை ஃபாதர்ஸ் ஷிப்யார்ட்" என்றாள், ரொம்ப அலட்சியமாக.

ஒரு விடை தப்பு என்று தெரிந்த பிறகு பிள்ளைக்கு என்ன நடக்கிறது? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. பெஞ்சா, தவளையா, குமிழியா, பட்டறையா? கணக்கு அதேதான். பின்னால் வருகிற இந்த ஒன்றை மாற்றினால் ஒரு பெண்ணின் கை மடியிலிருந்து மேலே வருகிறது. இது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

7

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. போன வாரம் பள்ளியில் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். செலின் மறுபடியும் பாதிக்கும் கீழே.

ரோஸி அக்கா விடைத்தாளை என் முன்னால் வைத்தார். "பாரு நிர்மலா. கப்பல் விட்டுக் கிழிச்சது போதும். பரீட்ச முடியற வரைக்கும் அந்தப் பெட்டிய எடுத்துக் கட்டில் அடியில வெச்சுடு."

நான் தாளைப் புரட்டினேன். முன்பக்கம் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. பின்பக்கம் வெறுமை. முன்பக்கத்தின் கடைசிக் கணக்கு மட்டும் அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அங்கேயே நின்றிருக்கிறாள், மணி அடிக்கிற வரைக்கும்.

"பின்பக்கம் ஏன் போடல, செலின்?"

"இது முடியலையே அக்கா."

பட்டறை வந்ததால் தப்புச் செய்யத் தைரியம் வந்துவிட்டது என்று நான் கொண்டாடிக்கொண்டிருந்தேன். பரீட்சைத் தாளில் டக்போட் வராது என்பதை மறந்துவிட்டேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இன்னும் சில வாரங்களில் அசல் பரீட்சை. அதற்குப் பிறகு அவளை எந்த வரிசையில் நிறுத்துவார்கள் என்பது அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

8

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து அண்ணன் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். வழியெல்லாம் எம்.ஆர்.டி. ரயிலுக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் சுற்றிச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தது. கடலில் பார்த்த இடமெல்லாம் கப்பல்கள், ஒன்றுகூட நகராமல். சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் விமானத்திலிருந்து முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

"ஏன்ப்பா எல்லாம் சும்மா நிக்குது?" என்று செலின் கேட்டாள்.

"உள்ள எடம் காலி இல்ல. நங்கூரத்தப் போட்டுட்டு நிக்கும். அதுவரைக்கும் ரெடியா இருக்கற கப்பல் உள்ள போவும், வரும். இதோட முறை வந்தா இதுவும் போவும்."

"அதுவரைக்கும் மூழ்காதா?"

"நங்கூரம் போட்டா எப்படிம்மா மூழ்கும்? ஜாலியா நிக்கும். உள்ள ஆளுங்க டீ குடிச்சிட்டு இருப்பாங்க."

செலின் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு மணலில் உட்கார முடியவில்லை. சுண்டல் மாதிரி ஒன்றைக் காகிதப் பொட்டலத்தில் வாங்கியிருந்தோம். அந்தக் காகிதத்தைப் பிரித்து அதிலேயே எழுத ஆரம்பித்தேன். இன்னும் ஒரு விசை. அதை அழுத்தினால் கணக்குக்கு நங்கூரம் விழும். கப்பல் ஓரமாக நிற்கும், அடுத்த கணக்கு வரும். எல்லாம் முடிந்த பிறகு, நின்ற கப்பல்கள் ஒவ்வொன்றாக முறை கேட்கும். பென்சிலால் இதைத் தாளிலும் செய்யலாம்: கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நங்கூரம் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸி அக்காவிடம் கேட்டேன். "ஒரே ஒரு சனிக்கிழமை, அக்கா. கப்பல் விளையாட இல்ல. நிறுத்தி வெக்கப் பழக."

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. நான் விளக்கினேன். இன்னும் நிறுத்தவில்லை. அப்போது செலின் ஓர் ஒட்டுத்தாளும் மார்க்கரும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மா, ஆங்கருக்குத் தமிழ்ல என்னா? அப்பா சொன்னாங்க, மறந்துட்டேன்."

கத்தி நின்றது. "நங்கூரம்."

"ஃபர்ஸ்ட் லெட்டர்?"

"ந. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா? குடு இங்க." ரோஸி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மார்க்கரை வாங்கி, மேசைமேல் விரலால் ஒருமுறை வரைந்து காட்டி, மகளிடமே திருப்பிக் கொடுத்தார். செலின் எழுதினாள். கொஞ்சம் கோணல். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்காமலே ரோஸி அக்கா சொன்னார்: "ஒரு சனிக்கிழமதான்."

பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. விசைப்பலகையின் வலது ஓரத்து விசை ஒன்றின்மேல் 'ந' ஒட்டியிருக்கிறது. இயந்திரம் முழுவதிலும் ஒரே தமிழ் எழுத்து அதுதான். இந்த வாரத்துக்குள் புரோகிராமை எழுதி முடிக்க வேண்டும். முதல் கணக்காக, அவள் காகிதம் ஓட்டையாகும் வரை நின்ற அதே கணக்கை வைக்கப் போகிறேன். அவள் விரல் எண்களை விட்டுவிட்டு வலப்பக்கம் நகர்கிறதா என்று சனிக்கிழமை பின்னால் நின்று பார்க்க வேண்டும். வின்சென்ட் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருக்க ஏதாவது வழியும் யோசிக்க வேண்டும்.